ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

ஏப்ரல் வரை அந்தப் பிள்ளைக்குப் புதன்கிழமை காலையில் பள்ளியில் பொங்கலும் சாம்பாரும் கிடைத்தன. ஜூனில் கிடைக்காது. வீட்டில் வசதி கூடிவிடவில்லை. அம்மா விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்புவதும் நிற்கவில்லை. பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலமெங்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்று கோடு போட்டுக்கொண்டு வந்த திட்டம். தமிழ்நாடு செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளிகளில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும். நான்காவது படிக்கும் தம்பி தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருப்பான். போன வருடம் வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அக்கா, அதே வளாகத்தில், சாம்பார் வாசனை எட்டும் தூரத்தில் இருப்பாள். பத்து வயதுப் பசிக்கும் பதினொரு வயதுப் பசிக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது.

இது சோற்றோடு முடிகிற சங்கதியாக இருந்தால் இவ்வளவு நீட்டி எழுத வேண்டியதில்லை. மதிய உணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றுக்குப் போகிற பிள்ளை டப்பா கட்டிக்கொண்டு வரவேண்டும். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் பதினான்கு வயதோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, கையைக் கழுவிக்கொள்கிறது. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிதி, நிர்வாகம், வரலாறு என்று காரணங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் விபரீதம் புரியும்: பிள்ளை ஒரு கட்டத்தை முடித்து அடுத்த கட்டத்தில் காலெடுத்து வைக்கும் அதே ஆண்டில் ஏதாவது ஒரு பிடிமானம் அதன் கையிலிருந்து கழன்றுகொள்கிறது. கட்டம் மாறும் ஆண்டில்தான் உதவி கூடுதலாக இருக்கவேண்டும் என்பது என் வாதம். நாம் செய்துகொண்டிருப்பது தலைகீழ். கழன்றுபோன பிடிமானத்துக்குப் பதில் சொல்லவும் ஓர் ஆள் கிடையாது என்பது அதைவிடப் பெரிய குறை.

இடைநிற்றல் கணக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒன்றிய அரசின் யுடைஸ் பிளஸ் அறிக்கைப்படி, 2024-25இல் நாடு முழுவதும் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான கட்டத்தில் இடைநிற்றல் 2.3 சதவீதம். ஆறு முதல் எட்டு வரை 3.5. ஒன்பதிலிருந்து மேலே 8.2. கட்டத்துக்குக் கட்டம் ஏறுமுகம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ‘மேலே போகப்போகப் படிப்பு கஷ்டம், அதனால் நின்றுவிடுகிறார்கள்’ என்று முடிவு கட்டுவதுதான் வழக்கம். அதில் பாதி உண்மை. மேலே போகப்போகப் பள்ளியும் தூரமாகிறது, ஆசிரியர்கள் அந்நியமாகிறார்கள், வீட்டில் சம்பாத்தியத்தின் தேவை கூடுகிறது. பாடம் மட்டும் தனியாகக் கடினமாவதில்லை. எல்லாமும் சேர்ந்து கடினமாகிற இடம்தான் கட்டங்களின் மூட்டு.

ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும் மூட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருக்கும். பல இடங்களில் இரண்டே ஆசிரியர்கள். ஒரே டீச்சர் தமிழும் சொல்லித்தருவார், கணக்கும் போடுவார், மூக்கு ஒழுகினால் துடைத்தும் விடுவார். எந்தப் பிள்ளையின் அப்பா குடிக்கிறார், எந்தப் பிள்ளைக்கு ‘ழ’ வராது, எது வகுத்தல் என்றதும் வயிற்றுவலி என்று சொல்லும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஜூனில் இந்தப் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்கு அல்லது மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் என்பது சட்டத்தையொட்டிய விதி. அந்தக் கூடுதல் இரண்டு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸும் நெடுஞ்சாலையைக் கடப்பதும் முன்பின் தெரியாத ஊரும் சேர்ந்த தூரம். மணி அடித்தால் ஆசிரியர் மாறுவார். கணக்கு சார், அறிவியல் டீச்சர், பி.டி. சார் என ஐந்தாறு முகங்கள்; ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு, ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு விதி. நேற்றுவரை பள்ளியிலேயே பெரிய பிள்ளையாக இருந்து பிரேயரில் முன்னால் நின்று உறுதிமொழி சொன்னது, இன்றைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்களுக்கு நடுவே முழங்கை உயரத்துக்கு நிற்கிறது. இதே சமயத்தில் பல வீடுகளில் தமிழ் வழியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கும் மாற்றிவிடுகிறார்கள். 2012-13 தொடங்கி அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியதும் ஆறாம் வகுப்பு அதற்கு வசதியான நுழைவாயில் ஆகிவிட்டது. தூரம், முகங்கள், மணி, மொழி, பசி என ஒரே ஜூன் மாதத்தில் ஐந்து மாற்றங்கள்.

இந்தக் கடவின்போது பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறது? காகிதத்தில் இதற்கொரு பதில் உண்டு. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் டி.சி. கொடுத்ததும் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் ‘காமன் பூல்’ எனப்படும் பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் நாட்களில் அந்தப் பெயருக்கு ஊர் உண்டு, பெற்றோர் உண்டு, எமிஸ் எண் உண்டு. பள்ளி மட்டும் கிடையாது. இதை வடிவமைத்தவர்கள் மேல் குற்றமில்லை, கணக்குக்கு இப்படி ஓர் அறை தேவைதான். ஆனால் கணினிக்கு இருக்கும் இந்தப் பொதுத் தொகுப்பு மனிதர்கள் மத்தியில் இல்லை. தொடக்கப் பள்ளி வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கீழே, தொடக்கக் கல்வி இயக்ககத்தில் வருகிறது. உயர்நிலைப் பள்ளி வேறு மாவட்டக் கல்வி அலுவலருக்குக் கீழே, பள்ளிக் கல்வி இயக்ககத்தில் வருகிறது. இரண்டும் முதன்மைக் கல்வி அலுவலரின் மேசையில்தான் சேர்கின்றன. அந்த மேசையில் ஒரு பிள்ளையின் பெயர் ஏறுவதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். கீழே கற்பிப்பவர் இடைநிலை ஆசிரியர், மேலே பட்டதாரி ஆசிரியர், அதற்கும் மேலே முதுகலை ஆசிரியர். மூன்று தனித்தனிப் பணிநிலைகள், தனித்தனிச் சங்கங்கள், தனித்தனிப் பயிற்சிகள். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அழகான பெயர்கள். தன் பள்ளியிலிருந்து போன பிள்ளை அரும்பா மொட்டா என்பதை அந்த டீச்சர் ஆறாம் வகுப்பு ஆசிரியரின் எதிரே உட்கார்ந்து சொல்லி ஒப்படைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

இப்படிக் கைமாறும்போது படிப்பு சரிகிறது என்பதற்கு வெளிநாடுகளில் நெடுநாள் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இரண்டு வகைப் பள்ளிகள் அக்கம்பக்கமாக இருந்தன. ஒருவகையில் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் படித்தார்கள். மற்றதில் ஏழாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனார்கள். ராபர்ட்டா சிம்மன்ஸும் டேல் பிளைத்தும் இந்த இரு சாராரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987இல் நூலாக வெளியிட்டார்கள். ஏழாம் வகுப்பில் பள்ளி மாறிய பெண்பிள்ளைகளின் தன்மதிப்பு சரிந்தது. அதே வயதில் பழைய பள்ளியிலேயே இருந்த பெண்பிள்ளைகளுக்கு அப்படி நடக்கவில்லை. பருவமடைதல், பள்ளி மாற்றம், வீட்டு மாற்றம் என ஒரே சமயத்தில் எத்தனை மாற்றங்கள் வந்து குவிந்தனவோ அந்த அளவுக்குச் சேதமும் கூடியது. தமிழ்நாட்டில் ‘வயசுக்கு வந்த பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது’ என்று கேட்கும் வீடுகளுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னாளில் புளோரிடா மாநிலத்தில் கைடோ ஷ்வெர்ட், மார்ட்டின் வெஸ்ட் இருவரும் செய்த ஆய்வு இன்னும் கறாரானது. நடுநிலைக்குப் பள்ளி மாறிய ஆண்டில் மதிப்பெண் சட்டென்று இறங்கியது. ஆறாம் வகுப்பில் மாறியவர்களுக்கும் ஏழில் மாறியவர்களுக்கும் இந்த இறக்கம் இருந்தது. பத்தாம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்தும் அவர்கள் விட்ட இடத்தைப் பிடிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் உயர்நிலைப் பள்ளிக்கு மாறும்போது ஏற்பட்ட சறுக்கலோ சிறியது. அதாவது, சிறு வயதுக் கடவுதான் ஆழமான வடுவை விடுகிறது.

‘எல்லாம் பழகிக்கும்’ என்ற பதிலை எல்லோரும் கேட்டிருப்போம். நாமெல்லாம் அப்படித்தானே படித்தோம், நடந்தே போனோம், ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்பார்கள். அப்படிச் சொல்ல முடிகிறவர்கள் எல்லோரும் கடந்து வந்தவர்கள். கடக்காமல் போனவர்கள் இந்த விவாதத்துக்கு வருவதில்லை. அவர்கள் செங்கல் சூளையிலோ பனியன் கம்பெனியிலோ இருக்கிறார்கள். பழகிக்கொள்ளத்தான் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழக்கம் தானாக வந்து, சரிவு தானாகவே நேராகிவிடுமென்றால் புளோரிடாவின் பிள்ளைகள் ஏழிலோ எட்டிலோ மீண்டிருக்க வேண்டும். இன்னொரு கேள்வி நியாயமானது: மில்வாக்கிக்கும் மேலூருக்கும் என்ன சம்பந்தம்? பண்பாடு வேறு, பள்ளி வேறு, ஆய்வை அப்படியே தூக்கிவந்து ஒட்ட முடியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பார்க்கவேண்டும். அங்கே பள்ளி மாறியதற்காகத் தட்டில் விழும் சோறு நிற்பதில்லை. எதிரே வாசித்துக் காட்டத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் பங்கும் இங்கே பெரியது. 2024 ஏசர் ஆய்வின்படி நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 44.8 சதவீதம்தான். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் செங்கல் மாதிரிதான்.

மாற்றத்தால் லாபமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இரண்டு ஆசிரியர் பள்ளியிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆய்வுக்கூடம் கிடைக்கிறது, விளையாட்டுத் திடல் கிடைக்கிறது, பத்து ஊர்ப் பிள்ளைகள் தோழர்களாகிறார்கள். தன் தெருவைத் தாண்டிய ஒரு பெயர் அதற்குக் கிடைக்கிறது. சாதித் தெருக்களுக்குள் ஒடுங்கிய ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு இது விடுதலையின் முதல் படியாகவும் இருக்கலாம். ஆனால் அதே வளாகம் எதிர்மாறாகவும் ஆகிறது. தெற்கு மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு எந்தச் சாதி என்று சொல்லிவிடும். அதைத் தடுக்கச் சுற்றறிக்கை விடுவது வழக்கமாகிவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். செய்தவர்கள் கூடப் படித்தவர்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதியரசர் கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பதினேழு வயதில் அரிவாளாகிற வெறுப்பு, பல ஊர்களும் முதன்முதலாக ஒரே வகுப்பறையில் சந்திக்கிற ஆறாம் வகுப்பில் கயிறாக இருந்திருக்கும். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதை முதல் வாரத்தில் தற்செயலுக்கு விட்டால், தற்செயல் ஊரின் வரைபடத்தையே பெஞ்சில் வரைந்துவிடும்.

அடுத்த மூட்டு எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். நடுநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதுதான் முதல் இடமாற்றம். சட்டத்தின் பாதுகாப்பு இங்கே முடிகிறது. உயர்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டருக்குள் என்பது சட்டமல்ல, திட்ட அளவுகோல். இந்த இடத்தில் உதவி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு பீகார் பதில் வைத்திருக்கிறது. 2006இல் அந்த மாநிலம் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியலாளர்கள் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு இதை அளந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் இருக்கும் பெண்பிள்ளைகளின் விகிதம் 32 சதவீதம் கூடியது. ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம் என்பதையும் காட்டினார்கள். சைக்கிள் கொடுப்பதில் தமிழ்நாடு பீகாருக்கு மூத்தது. ஆனால் இங்கே விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கிறது. அதற்குள் ஒன்பதும் பத்தும் நடந்தோ, பஸ் படிக்கட்டில் தொங்கியோ முடிந்திருக்கும். முடியாதவர்கள் சைக்கிள் வாங்கும் வரிசைக்கே வந்திருக்க மாட்டார்கள். இதை நிறைய பேர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். பீகாரின் பாடம் சைக்கிள் நல்லது என்பதோடு நிற்கவில்லை. எந்த வகுப்பின் வாசலில் கொடுக்கிறோம் என்பதில்தான் அதன் சூட்சுமம்.

மூட்டுகளில் பரீட்சை வைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2019இல் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தைத் திருத்தி ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்திவைக்கலாம் என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடும் ஐந்து, எட்டு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கியது. வாபஸ் வாங்கியது சரி. பத்து வயதுப் பிள்ளை வாசிக்கத் திணறுகிறது என்பது ஐந்தாண்டுகளாக அதோடு இருந்த ஆசிரியருக்குத் தேர்வு இல்லாமலே தெரியும். தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லாமல் விட்டதுதான் குறை. அதற்குத் தண்டனையாகப் பிள்ளையை நிறுத்திவைப்பது தபால்காரர் வராததற்குக் கடிதத்தைக் கிழிப்பது போன்றது. ஆனால் ‘ஆல் பாஸ்’ என்று சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று எதிர்ப்புத் தரப்பு ஓய்ந்துவிட்டதும் தவறுதான். நிறுத்திவைக்காமல் அனுப்புவதென்றால், அனுப்பும் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள அந்தப் பக்கம் ஒரு கை இருக்கவேண்டும்.

எல்லாப் பள்ளிகளையும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒரே வளாகமாக்கிவிட்டால் மூட்டே இருக்காதே என்றும் கேட்கலாம். ராஜஸ்தான் 2014இல் ஆயிரக்கணக்கான பள்ளிகளை இணைத்தது இந்த வழியில்தான். இது நகரத்துக்கும் பெரிய பேரூராட்சிக்கும் பொருந்தும். சின்ன ஊருக்கு வேறு கதை: ஆறாம் வகுப்பில் நடக்கவேண்டிய மூன்று கிலோமீட்டரை ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் காலில் கட்டுவதாக ஆகிவிடும். ஊருக்குள் ஒரு தொடக்கப் பள்ளி என்பது தமிழ்நாடு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த சொத்து. அதை இந்தக் காரணத்துக்காகக் கரைக்கத் தேவையில்லை.

பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவிலான மூட்டு வேறு ரகம். இங்கே பள்ளி மாறாவிட்டாலும் படிப்பு மாறிவிடும். ஃபர்ஸ்ட் குரூப்பா, பயாலஜியா, காமர்ஸா, தொழிற்கல்வியா என்ற கேள்விக்கு மே மாதத்தின் சில நாட்களில் ஒரு குடும்பம் பதில் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே அந்தப் பதிலைச் சொல்லிவிடுவதாக நடந்துகொள்கிறோம். பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்த குரூப்பையே எடுப்பதும், தோழி போன பள்ளிக்கே போவதும், தமிழ் வழியில் படித்த பிள்ளையை ‘மேலே போனா இங்கிலீஷ்தானே’ என்று இயற்பியலில் ஆங்கில வழிக்கு மாற்றிவிடுவதும் இந்த நாட்களில்தான். பிறகு முதல் இடைப்பருவத் தேர்வில் மதிப்பெண் விழுந்ததும் குற்றம் பிள்ளையின் தலையில். பதினொன்றாம் வகுப்புக்கு 2017-18இல் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. பதினொன்றாம் பாடத்தையே தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகளைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கியது. மூன்று ஆண்டில் மூன்று பொதுத்தேர்வு என்ற சுமையை இறக்கியது நல்லதே. ஆனால் பழைய நோய் திரும்பக்கூடும். பதினொன்றாம் வகுப்பை வெறும் இடைவழியாக நடத்தும் பள்ளி, மாறுகிற பிள்ளைக்கு மூச்சுவிடக் கிடைக்கும் ஒரே ஆண்டைத் திருடிக்கொள்கிறது. அதைக் கண்காணிக்கத் தேர்வைத் தவிர வேறு கருவி கல்வித்துறையிடம் இருக்கிறதா என்பது இனிமேல்தான் தெரியும்.

மூட்டுகளைக் கவனிக்க அரசால் முடியாது என்று சொல்லவே முடியாது. பன்னிரண்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே அது கவனிக்கத் தொடங்கிவிட்டது. அரசுப் பள்ளியில் பன்னிரண்டு முடித்து எங்கும் சேராதவர்களைப் பெயர் பெயராகத் தேடி, ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களுக்கு அழைத்து, அங்கேயே சான்றிதழ் சிக்கலைத் தீர்த்து, கல்லூரியில் சேர்த்துவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் 2022 முதல் ‘புதுமைப் பெண்’ மூலம் மாதம் 1000 ரூபாய். 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ வழியே பையன்களுக்கும். கவனியுங்கள், இந்தப் பணம் கடவைக் கடந்த பிறகு, கடந்ததற்காகவே தரப்படுகிறது. பதினேழு வயதுக்காரருக்காகத் தோன்றிய இந்த யோசனை பத்து வயதுக்காரருக்காகத் தோன்றாமல் போனதுதான் விந்தை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவரைத் தொலைபேசியில் அழைத்து ‘எங்கே சேர்ந்தீர்கள்’ என்று கேட்கும் துறை, அதே எமிஸ் பட்டியலை வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்பு முடித்த குழந்தையின் வீட்டுக்கும் பேசலாம்.

ஆசிரியர்கள் ஏற்கெனவே எமிஸ், கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று நொந்துபோயிருக்கிறார்கள், இதையும் சேர்ப்பதா என்ற ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் கனமானது. இதைப் புறங்கையால் தள்ள மனம் வரவில்லை. இன்னொரு பதிவேடு, இன்னொரு செயலி என்று போனால் நிச்சயம் பாழ்தான். நான் கேட்பது ஒரே ஒரு மதியம். ஏப்ரலில், ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் ஐந்தாறு தொடக்கப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அங்கே வந்து, ஆறாம் வகுப்பு எடுக்கப்போகும் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, பிள்ளை பிள்ளையாகப் பேசிவிட்டுப் போகவேண்டும். இங்கிலாந்தில் ஜூலையில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் புதிய பள்ளிக்கு ஒரு நாள் போய்வருவது வழக்கமாகிவிட்டது. ஆனால் மாரிஸ் கால்டனும் அவர் குழுவினரும் 1999இல் காட்டியது என்னவென்றால், பள்ளி மாறிய ஆண்டில் ஐந்தில் இரண்டு பங்கு வரையிலான பிள்ளைகள் படிப்பில் எதிர்பார்த்த அளவுக்கு முன்னேறவில்லை. சுற்றிக் காட்டுவதையும் கோப்பு அனுப்புவதையும் செய்த பள்ளிகள், விட்ட பாடத்திலிருந்து தொடருவதைச் செய்யவில்லை. அதனால்தான் பேச்சு பிள்ளையின் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நடக்கவேண்டும் என்கிறேன். 2025இல் ஆறு முதல் ஒன்பது வரை தொடங்கிய ‘திறன்’ திட்டம் பின்தங்கிய பிள்ளைகளை மறுபடி ஒருமுறை சோதித்துக் கண்டுபிடிக்கிறது. ஏப்ரலில் பேசியிருந்தால் ஜூன் முதல் வாரமே பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

மலிவான வழிகளுக்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் மேடிசன் நகரில் பதினொரு நடுநிலைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு சிறிய எழுத்துப் பயிற்சிகள் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டு மாணவர்கள் சொன்னதை வாசிக்கவேண்டும்: ஆரம்பத்தில் எல்லோருக்கும் பயமாகத்தான் இருக்கும், கொஞ்ச நாளில் சரியாகிவிடும், டீச்சர்கள் உதவுவார்கள். பிறகு தன் பயத்தைப் பற்றி எழுதவேண்டும். ஜெஃப்ரி போர்மன் குழுவினர் 2019இல் வெளியிட்ட முடிவில், இதைச் செய்த பிள்ளைகள் தேறாத பாடங்களின் எண்ணிக்கை 18 சதவீதமும் ஒழுங்கு நடவடிக்கைகள் 34 சதவீதமும் குறைந்திருந்தன. நம் ஊர் ஏழாம் வகுப்பு அக்காக்கள் வாய்விட்டுச் சொன்னாலே போதும், காகிதம்கூட வேண்டாம். சோறும் சைக்கிளும் அப்படி மலிவல்ல, அவற்றுக்கு நிதித்துறை பதில் சொல்லவேண்டும். எல்லா வகுப்புக்கும் ஒரே மூச்சில் முடியாதென்றால், காலை உணவை ஆறாம் வகுப்புக்கு மட்டும், மதிய உணவைப் பதினொன்றாம் வகுப்புக்கு மட்டும், சைக்கிளை ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு வருடம் முன்னதாக என்று தொடங்கலாம். மூட்டில் ஓர் ஆண்டு. அதற்கு மேல் இருப்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அதுவரை பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழுவினர், தெருக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் இந்த வருடம் ஐந்தாவது முடிக்கும் பிள்ளை இருந்தால், மே மாதத்தில் ஒருநாள் கேளுங்கள்: எந்தப் பள்ளியில் சேர்த்தீர்கள், எந்த பஸ், முதல் நாள் கூட யார் போகிறார்கள், காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போகும். டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு சொல்கிறது. அதையும் அந்த வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.